நைட் ஷிப்ட் வீடு

நான் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. பட்டறையில் இத்தனை வருடமாக இதற்குக் கேலி வாங்கிக்கொண்டிருக்கிறேன். "அண்ணே, வாய்க்குள்ளயே பேசிகினு கீறியே, இன்னா ரகசியமா?" என்பார்கள் பையன்கள். பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது கோளாறா என்று பெண்வீட்டில் தனியாக விசாரித்தார்களாம். கோளாறு ஒன்றும் இல்லை. கூச்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூச்சம் பாதிதான். மீதிக்குக் காரணம் நான் வளர்ந்த வீடு. அது நைட் ஷிப்ட் வீடு.

திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அது இருந்தது. ஓட்டு வீடு, ஒரே அறை, சமைக்க ஒரு தடுப்பு, பின்னால் குழாயடி. சந்தின் ஒரு முனையில் நின்றால் கடல் இரைவது கேட்கும். மறுமுனையில் கூட்ஸ் வண்டி போவது கேட்கும். நடுவில் குடியிருந்த எங்களுக்கு இரண்டும் கலந்து, யாரோ தூரத்தில் பெருமூச்சு விடுவதுபோல இருக்கும்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். இரும்பைக் காய்ச்சி அச்சில் ஊற்றும் கம்பெனியில் நைனாவுக்கு வேலை. சந்தில் பாதி ஆண்களுக்கு அங்கேதான் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் இரவு என்று முறை மாறி வரும். இரவு வாரத்தில் நைனா விடிந்த பிறகு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, ஊர் எழுந்து நடமாடும் நேரத்தில் பாயை விரிப்பார்.

ஒரு பொங்கலுக்குக் கம்பெனியில் ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார்கள். கெட்டியான நீலக் கம்பளி. வருடம் முழுக்க வேர்த்து வழிகிற ஊரில் கம்பளி கொடுத்த புத்திசாலி யார் என்று சந்தே சிரித்தது. அதிலும் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு. எந்த வீட்டு அம்மாவுக்கு முதலில் தோன்றியதோ தெரியாது, அதை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டாள். அறைக்குள் பகல் அணைந்துபோனது. அதன் பிறகு எந்த வீட்டு ஜன்னலில் நீலக் கம்பளி தொங்குகிறதோ அந்த வீட்டு ஆண் இரவு வேலைக்குப் போய்வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லி வைக்காமலே தெருவுக்கு அது சட்டமாகிவிட்டது.

மீன்காரம்மா சந்து முனையிலிருந்தே கூவிக்கொண்டு வருகிறவள். கம்பளியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வாள். பேரம் முழுக்கக் கையால்தான். அம்மா விரலைக் காட்டுவாள். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போவதுபோல ஒரு அடி வைப்பாள். கடைசியில் இருவரும் சத்தமே இல்லாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வியாபாரத்தை முடிப்பார்கள். இன்ன வார்த்தை சொன்னாள் என்பது உதட்டிலேயே தெரியும்.

வீட்டுக்குள் இன்னும் கடுமை. கடுகு வெடிக்கும் என்று அம்மா தாளிப்பதை மாலைக்குத் தள்ளிவைப்பாள். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்ம வேண்டும். என்னைவிட நான்கு வகுப்பு மூத்தவளான அக்கா பாடத்தை உதட்டை மட்டும் அசைத்து மனப்பாடம் செய்வாள். நானும் அவளும் சண்டை போட்டால் கிள்ளலாம், ஆனால் கிள்ளு வாங்கியவர் அழக்கூடாது. எல்லோரும் இப்படி அடங்கிக் கிடந்த வீட்டில் சத்தம் போட உரிமை பெற்ற ஒரே ஆள் நைனா. அவர் குறட்டை சரக்கு ரயில் மாதிரி. பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும், எப்போது முடியும் என்று தெரியாது.

எனக்கு அந்த நேரம் பிடிக்கும். வெயில் கம்பளிக்குள் நுழைந்து வரும்போது நீலமாகிவிடும். சுவர், அரிசிப் பானை, அம்மாவின் கை எல்லாம் நீலம். கம்பளியில் ஒரு பூச்சி அரித்த ஓட்டை இருந்தது. அதன் வழியாக ஒரு வெளிச்சக் கம்பி இறங்கி, தரையில் ஒரு புள்ளியாக விழுந்து, மெதுவாக நகர்ந்து நைனாவின் முதுகில் ஏறும். கடலுக்கு அடியில் இருக்கும் வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நாங்கள் மீன்கள். வாயைத் திறந்து மூடுகிறோம், சத்தம் வருவதில்லை.

நான் நாலாவது படித்த வருடம் ஒரு நாள், காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் நைனாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். இரவு வாரம். நைனா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் அவரோடு வேலை செய்யும் ஒருவர் சைக்கிளில் வேகமாக வந்தார். கம்பளியைப் பார்த்ததும் இறங்கி, தவறிப்போய் அடித்துவிடக் கூடாது என்பதுபோலப் பெல்லைக் கையால் மூடிக்கொண்டார். திறந்திருந்த கதவு வழியாக எனக்கு அவர் பாதி தெரிந்தார்.

"கேட்டப் பூட்டிட்டாங்கமா," என்றார் மெதுவாக. "இனிமே தொறக்க மாட்டாங்களாம்."

அம்மா நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். "எயுப்பவா?" என்றாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "வாணாம்மா. தூங்கட்டும். எயுந்து இப்ப இன்னா பண்ணப் போறாரு?"

வந்தபோது ஓட்டி வந்த சைக்கிளைப் போகும்போது தள்ளிக்கொண்டு போனார்.

அம்மா வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பொறுக்கி முடித்ததும் அதே அரிசியை மறுபடி பரப்பிப் பொறுக்கினாள். சந்தில் மற்ற வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எங்கிருந்தோ அழுகைச் சத்தம் கிளம்பி, எங்கள் ஜன்னலை நினைத்தோ என்னவோ, பாதியில் நின்றது. காய்ச்சலில் எனக்கு எல்லாம் மிதந்தது. வெளிச்சப் புள்ளி நைனாவின் தோளைத் தாண்டிக் கழுத்துக்குப் போனது. சந்துக்கே தெரிந்துவிட்ட சேதி அவர் ஒருவருக்குத் தெரியாமல், அவர் குறட்டையை எல்லோரும் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல எனக்குத் தோன்றியது. அது கனவா என்று இன்றும் சந்தேகம் உண்டு.

சாயங்காலம் நைனா எழுந்து முகம் கழுவி வந்தார். அம்மா டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எப்போ?" என்றார் நைனா.

"மத்தியானம்."

"ஏன் சொல்லல?"

"நல்லாத் தூங்கிகினு இருந்தய்யா."

அது சரியான காரணம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். டீயைக் கடைசிவரை குடித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்க்கப் போனார்.

கொஞ்ச நாள் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நைனாவும் போய் உட்கார்ந்தார். பிறகு பந்தலில் ஆள் குறைந்தது. எதிர் வீட்டுக்காரர் வாடகைக்கு ஆட்டோ எடுத்தார். இன்னொருவர் மாமியார் ஊரான மீஞ்சூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். ஒருநாள் பந்தலையே பிரித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நைனா குளித்தார், கஞ்சி குடித்தார், பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து நீலக் கம்பளியை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரவு வாரம் முடியவே இல்லை. கம்பளி இறங்கவில்லை. தாளிப்பு மாலைக்குப் போனது. அக்கா மறுபடி உதட்டால் படித்தாள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இரவிலும் நைனா வீட்டில்தானே இருக்கிறார்? அம்மாவைக் கேட்டேன்.

"இத்தினி வருசமாத் தூங்காத தூக்கம், கண்ணு," என்றாள் என் காதோடு. "எல்லாம் சேந்து வந்துகீது. தூங்கி முடிக்கட்டும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எத்தனையோ இரவுகள் உலைக்கு முன்னால் நின்றவர். அந்தத் தூக்கமெல்லாம் எங்கேயாவது ஒரு இடத்தில் சேர்ந்திருக்கத்தானே வேண்டும். அதைக் காவல் காப்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து வாசலில் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் காவலுக்கு அவசியமே இருக்கவில்லை. மீன்காரம்மா முன்போலவே வாயை மூடிக்கொண்டு வந்து நின்றாள். பேரத்தில் மட்டும் அவள் சீக்கிரம் தோற்க ஆரம்பித்தாள். சந்தில் பந்து விளையாடும் பெரிய பையன்கள் எங்கள் வீடு வந்ததும், "டேய், நைட் ஷிப்டு வூடுடா," என்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து கடந்தார்கள். கம்பெனி இல்லாமல் நைட் ஷிப்ட் ஏது என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? இவ்வளவு பெரிய தெரு இவ்வளவு ஏமாளியாக இருக்கிறதே என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்தேன். நைனாவின் குறட்டை நின்றுவிட்டது. மூச்சு விடுவதே கேட்காது. சத்தமில்லாமல் தூங்கப் பழகிவிட்டார், ரொம்ப ஆழமான தூக்கத்துக்குக் குறட்டை வராதுபோல என்று நினைத்தேன். அவர் தூங்கவில்லை என்பது அந்த வீட்டில் என்னையும் பூனையையும் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று அக்கா பின்னாளில் சொன்னாள். பூனையைப் பற்றிக்கூட அவளுக்கு நிச்சயமில்லை.

அந்த நாட்களில்தான் அம்மா என்னிடம் யோசனை கேட்கத் தொடங்கினாள்.

நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவர் தலைமாட்டில் அம்மா முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கம் நான். எங்கள் இருவருக்கும் நடுவில் நீல வெளிச்சத்தில் நைனா, கரையில் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. அம்மா கண்ணை அரிசியிலிருந்து எடுக்காமல் கிசுகிசுப்பாள்.

"பின்னாடி ஓடு ஒடஞ்சிகீது. மய வந்தா அரிசிப் பான மேலயே ஒயுவும். இன்னா பண்ணலாம்னு நீயே சொல்லு."

எட்டு ஒன்பது வயதுப் பையனிடம் இதைக் கேட்டால் அவன் என்ன ஆவான்? எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்கிற எனக்கு, நீல வெளிச்சத்தில் கிசுகிசுப்பாகப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. "பிளாஸ்டிக் கோணி போட்டு மேல கல்லு வெக்கணும்மா," என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், உடைந்த ஓட்டின் மேல் பிளாஸ்டிக் கோணி போட்டுக் கல் வைத்திருந்தது.

"யாரும்மா போட்டது?"

"யாரோ போட்டாங்க," என்றாள் அம்மா. நைனா சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். சொட்டுச் சத்தத்தில் தூக்கமே வருவதில்லை என்றாள். சைக்கிள் டியூபை அறுத்து இறுக்கிக் கட்ட வேண்டும் என்று யோசனை சொன்னேன். அடுத்த நாளே குழாயின் கழுத்தில் சைக்கிள் டியூப் கட்டியிருந்தது. கம்பெனியில் கட்டுவதுபோல நெருக்கமான, ஒழுங்கான கட்டு. நான் அக்காவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். "நான் சொன்னதுதான். அம்மா அப்டியே செஞ்சிட்டாங்க." அக்கா கட்டையும் பார்த்து என்னையும் பார்த்தாள். "பெரிய ஆளுடா நீ," என்றாள்.

இப்படி நான் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை. நாள் முழுக்கப் படகு இன்ஜின்களுக்கும் ஐஸ் அரைக்கும் மெஷினுக்கும் நடுவில் கத்திக் கத்தி, அவருக்கு மெதுவாகப் பேசுவது மறந்தே போயிருந்தது. அம்மா அவரை வாசலிலேயே மறித்து ஜன்னல் பக்கம் நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, மச்சான எயுப்பு. எங்க கம்பெனில ஒரு ஆளு நின்னுட்டான். மொதலாளியாண்ட சொல்லி வெச்சிகீறேன். திங்கக்கெயம காலீல வந்து நிக்கணும். இல்லன்னா வேற ஆளப் போட்ருவாங்க."

"தூங்குறாருடா."

"இன்னா தூக்கம்? ராத்திரில்லாம் மலையப் பொளந்துட்டு வந்தாரா?"

அம்மா அவர் வாயைப் பொத்தினாள். "மெதுவாப் பேசுடா, கயித."

"மெதுவாத்தானே பேசிகினு கீறேன்!" என்று மாமா கையை விலக்கிக்கொண்டு கத்தினார். சந்துக் கோடியில் ஒரு நாய் எழுந்து உட்கார்ந்தது.

எதிர் வீட்டு வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைப் பிழிந்துகொண்டே, "மாமு, நைட் ஷிப்டு வூடு. கொஞ்சம் அடக்கி வாசி," என்றார். அவரும் அதே கம்பெனியில் இருந்தவர்தான். மாமா திரும்பி அவரைப் பார்த்தார். மீன்காரம்மா கூடையோடு நின்று உதட்டில் விரலை வைத்தாள். பந்து விளையாடும் பையன்கள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"இன்னா தெருடா இது," என்றார் மாமா. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

பிறகு அவர் பேசியது உண்மையாகவே மெதுவாக இருந்தது. அன்றுதான் அவருக்கும் அது வரும் என்று தெரிந்தது. "இத பாருக்கா. அவுரு வந்தா எனக்கு சந்தோசம். வர்லன்னா பொண்ணயாவது அனுப்பு. எறா உரிக்கிற எடத்துல ஆளு கேட்டுகினு கீறாங்க. திங்கக்கெயம காலீல சந்து முனைக்கு வேன் வரும். நீ எத்தினி நாளிக்கு இப்டியே மூடி மூடி வெப்ப?"

உள்ளே தடுப்புக்குப் பின்னால் அக்கா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் எட்டாவது. படிப்பில் கெட்டி. இறால் கம்பெனிக்குப் போன பெண்கள் யாரும் திரும்பப் பள்ளிக்கூடம் வந்ததில்லை என்பது எனக்கே தெரியும். ஐஸ் தண்ணீரில் ஊறி அவர்கள் விரல் நுனியெல்லாம் வெள்ளையாகச் சுருங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் நைனாவை எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, இவ்வளவு சத்தத்திலும் அவர் விழித்துக்கொள்ளவில்லை. அப்படியே சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

மறுநாள் ஞாயிறு. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே நீலம் இன்னும் கனமாக இருந்தது. கடலும் ரயிலும் கலந்த அந்தப் பெருமூச்சு மட்டும் வந்து வந்து போனது. அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அம்மா தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். முறத்தில் அரிசி இருந்தது, அவள் பொறுக்கவில்லை. இந்தப் பக்கம் நான் தயாராக உட்கார்ந்தேன். கேட்கப் போகிறாள் என்று தெரியும்.

"நாளைக்கு வேன் வருது," என்றாள். கிசுகிசுப்புதான், ஆனால் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "பொண்ண அனுப்பச் சொல்றான். அனுப்பினா அது அவ்ளோதான். எறா வாசனதான் அதுக்குப் படிப்பு. எனக்கு மனசு இல்ல. ஆனா நான் ஒருத்தியா இன்னா பண்ணுவேன்? பொண்ண வேன்ல ஏத்தி வுடட்டுமா, வாணாமா? நீதான் சொல்லணும்."

அறையில் எதுவும் அசையவில்லை. வெளிச்சப் புள்ளி நைனாவின் முதுகின் நடுவில் நின்றது. அம்மா என்னைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு நேரம் காத்திருந்து நான் பார்த்ததில்லை. வீட்டின் தலைவன் என்ற முறையில் அவளைக் காக்க வைப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

"அக்கா படிக்கட்டும்மா," என்றேன். "நான் போறேன். எறா நான் உரிக்கிறேன்."

அம்மாவின் கை அரிசியின் மேல் அப்படியே நின்றது. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு முறத்தில் விழுந்தது. சத்தமில்லாமல்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் அழுவோம். நைனா தூக்கத்தில் ஒருமுறை அசைந்தார். போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

மறுநாள் நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்துப் படுத்தேன். விழித்தபோது ஏதோ மாறியிருந்தது. என்னவென்று உடனே புரியவில்லை. அறையில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். சுவர் சுவரின் நிறத்தில் இருந்தது. பானை பானையின் நிறத்தில் இருந்தது. ஜன்னல் மொட்டையாக நின்றது. பின்னால் குழாயடியில் யாரோ வாளியை டமாரென்று வைத்தார்கள். தண்ணீரைத் தலையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். காறித் துப்பினார்கள். பிறகு வீடே அதிரும்படி ஒரு குரல்.

"ஏய், துண்டு எங்க கீது?"

இத்தனை நாள் காத்த காவல் இப்படி ஒரு நிமிடத்தில் பாழாகிறதே என்று பாயிலிருந்து எழுந்து பின்னால் ஓடினேன். வாயில் விரலை வைத்தேன்.

"ஷ்ஷ்! மெதுவா! நைனா தூங்கிகினு கீறாரு!"

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நைனா நின்றுகொண்டிருந்தார். என்னைக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தை நேராகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தாடி நரைத்திருந்தது. உள்ளங்கையால் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார்.

"இல்ல கண்ணு," என்றார் மெதுவாக. "எயுந்துட்டாரு."

அதன் பிறகு நடந்ததெல்லாம் சத்தமாக நடந்தது. அம்மா அந்த நேரத்திலேயே கடுகு தாளித்தாள். அது வெடித்துக்கொண்டே இருந்தது. மாமா சைக்கிளில் வந்து இறங்கி, சட்டை போட்டுத் தலை வாரி நின்ற நைனாவைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் ஹேண்டில்பாரைத் துடைத்தார். நைனாவுக்கு முன்னால் என்றும் உட்கார்ந்துகூடப் பேசாதவர் அவர். நைனாவின் சைக்கிள் கம்பெனி மூடிய கொஞ்ச நாளிலேயே கைமாறிப் போயிருந்தது.

"மச்சான், நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி குந்திக்கிறேன்," என்றார்.

"வயி உனக்குத்தான் தெரியும். நீயே ஓட்டு," என்று நைனா கேரியரில் ஏறி உட்கார்ந்தார். கால்கள் தரையைத் தொட்டுவிடாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சந்தில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. மீன்காரம்மா மட்டும் எங்கள் வீட்டுக்கு எதிரில் நின்று, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "நெத்திலேய்!" என்று ஒரு கூவல் கூவினாள். காக்கைகள் பறந்தன.

சந்து முனையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் தலைக்கு எண்ணெய் வைத்து, டிராயரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். அம்மா பாதி வழியில் பிடித்து இழுத்துவந்துவிட்டாள். வேன் போய்விட்டது. அக்கா ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். நான் வாய்விட்டு அழுதேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற விடவில்லையே என்ற அழுகை. எங்கள் வீட்டில் பகலில் கேட்ட முதல் அழுகைச் சத்தம் அதுவாகத்தான் இருக்கும். யாரும் என்னை அடக்கவில்லை.

நைனா அந்த ஐஸ் கம்பெனியிலேயே கடைசிவரை வேலை செய்தார். இரும்பு உருகும் சூட்டில் நின்ற மனிதர் பனிக்கட்டியை உடைத்துக் கூடையில் அள்ளினார். மாலையில் வந்து என் கன்னத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும், மீன் வாசனை வரும். இரவில் பழைய சரக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. அக்கா படித்தாள், முடித்தாள், வேலைக்குப் போனாள். நான் அடுத்த வருடம் ஐந்தாவதோடு நின்று பட்டறையில் சேர்ந்தேன். அதற்கு யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை, எனக்கே பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்போது எனக்கு இருந்த ஒரே வருத்தம் வேறு. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அம்மா என்னிடம் எதையும் கேட்கவே இல்லை. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நானும் போய் எதிரில் உட்காருவேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "இன்னாடா மூஞ்சப் பாத்துகினு கீற? போய் வெளாடு," என்பாள். ஓடு மறுபடி உடைந்தது. கதவுத் தாழ்ப்பாள் கழன்றது. ஒன்றுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் நைனாவிடம் நேராகச் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள், சில நாள் சண்டைகூடப் போட்டாள். அவர்கள் சண்டை போடும்போது நான் வாசலில் உட்கார்ந்து, நான் சொன்ன யோசனைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். பிளாஸ்டிக் கோணி சரியாகத்தான் இருந்தது. குழாய் ஒழுகவில்லை. பிறகு எதில் தப்பு செய்தேன், என் மேல் அம்மாவுக்கு ஏன் நம்பிக்கை போனது என்று எனக்கு விளங்கவே இல்லை.